கைம்மாறும் கையூட்டும்: ஆக்லாந்து மாங்கெரே உறுப்பினர் டைட்டோ பிலிப் ஃபீல்டின் பொதுவாழ்வும் வழக்கும்

நியூசிலாந்தையும் தமிழையும் ஒருங்கே வைத்துப் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு மணியின் ஓசையோடு தொடங்குவது வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கொலென்சோ வங்காரெய் பகுதியில் மாவோரி மக்களிடம் கண்ட, தமிழ் எழுத்துப் பொறித்த வெண்கலக் கப்பல் மணி அது. இன்று வெலிங்டன் நகரின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மணி எவ்வாறு இக்கரை சேர்ந்தது என்ற வினாவுக்கு விடை தேடுவோர் தேடட்டும். இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் பொருள் அண்மைக் காலத்தது. ஆக்லாந்து உயர்நீதிமன்றத்தில் முடிவு செய்யப்பட்டது. ஆவணங்களால் நன்கு அறியப்படுவது. நியூசிலாந்தில் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற நிலையில் செய்த ஊழலுக்காகத் தண்டிக்கப்பட்ட முதல் மனிதரான டைட்டோ பிலிப் ஃபீல்டின் பொதுவாழ்வும் அவர்மீதான வழக்குமே அப்பொருள்.

தமிழாய்வு மாநாட்டில் சமோவா நாட்டு மரபினர் ஒருவரின் வழக்குக்கு என்ன இடம் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. அவ்வழக்கின் மையத்தில் நின்றது, உதவி பெற்றவன் உதவியவனுக்குச் செய்யும் கைம்மாறு எந்த இடத்தில் கையூட்டாகிறது என்னும் சிக்கல். தமிழில் இச்சிக்கலுக்கு நெடிய சொல்வரலாறும், கல்வெட்டுச் சான்றும், அண்மைக்கால நீதிமன்றத் தீர்ப்பும் உண்டு. ஒன்றின் வெளிச்சத்தில் மற்றொன்றைப் படிக்கும்போது இரண்டும் தெளிகின்றன என்பதே இக்கட்டுரையாளரின் துணிபு.

தொகுதியும் மனிதரும்

நியூசிலாந்தில் மாநிலங்கள் இல்லை. மாகாண ஆட்சிகள் 1876இல் ஒழிக்கப்பட்டன. ஆகவே, தமிழ்நாட்டில் சட்டமன்ற உறுப்பினரின் வாயிலில் நிற்கும் கூட்டம் இங்கே நாடாளுமன்றத் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தில் நிற்கிறது. வீட்டுவசதி, உதவித்தொகை, குடியுரிமை, விசா என எல்லா முறையீடுகளும் அங்கே வந்து சேர்கின்றன. தெற்கு ஆக்லாந்தில் இக்கூட்டத்தின் பெரும்பகுதி குடியேறியோரே. மாங்கெரே தொகுதியில்தான் ஆக்லாந்தின் பன்னாட்டு வானூர்தி நிலையமும் உள்ளது. வந்திறங்கிய நிலத்துக்கு அருகிலேயே தங்கி, அதன் சுற்றுவட்டத் தொழிற்சாலைகளில் உழைத்து வாழ்ந்தவர்கள் பலர்.

இம்மக்களின் குடியேற்ற வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் தகும். அதை விடுத்துப் பார்த்தால் ஃபீல்டின் வழக்கு ஒரு தனிமனிதப் பேராசைக் கதையாகச் சுருங்கிவிடும். 1914இல் ஜெர்மனியிடமிருந்து நியூசிலாந்துப் படையினர் கைப்பற்றிய மேற்குச் சமோவா, 1962இல் விடுதலை பெறும்வரை நியூசிலாந்தின் ஆட்சியில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தபோது பசிபிக் தீவினர் வரவேற்கப்பட்டனர். விசாக் காலம் கடந்து தங்கியோரை அரசும் கண்டுகொள்ளவில்லை. 1970களில் பொருளாதாரம் தளர்ந்ததும் அதே மக்கள் குற்றவாளிகளாயினர். 1974 முதல் 1976 வரை விடியற்காலையில் வீடுகளுக்குள் புகுந்து சோதனையிட்ட காவல்துறை நடவடிக்கைகள் ஆக்லாந்தின் பசிபிக் குடும்பங்கள் இன்றும் மறவாதவை. அதற்குப் பிந்திய 1985-86 காலத்திலும் நிலை பெரிதும் மாறவில்லை. விசாக் காலம் கடந்து தங்கியோரில் பசிபிக் மக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. வழக்குத் தொடரப்பட்டோரிலோ அவர்கள் 86 விழுக்காடு.

இடையில் 1982இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. 1924 முதல் 1948 வரையான காலத்தில் மேற்குச் சமோவாவில் பிறந்தோர் நியூசிலாந்துக் குடிமக்களே என்று இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் மை உலருமுன் அதே ஆண்டில் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அதன் பயனைப் பெரும்பாலோரிடமிருந்து பறித்தது. நீதிமன்றம் தந்த உரிமையை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்ட இந்த அனுபவம் அம்மக்களுக்கு ஒரு பாடத்தைக் கற்பித்திருக்க வேண்டும்: சட்டத்தின் சொல்லைவிட, சட்டமியற்றும் அவையில் தம்மவர் ஒருவர் இருப்பதே காப்பு.

அந்த ஒருவராக வந்தவரே ஃபீல்ட். 1952இல் சமோவாவில் பிறந்தவர். தொழிற்சங்கப் பணியில் முதிர்ந்தவர். ‘டைட்டோ’ என்பது பெயரன்று. சமோவாவின் குடித்தலைவர்க்குரிய பட்டம். 1993இல் தொழிற்கட்சி வேட்பாளராக ஓட்டாரா தொகுதியில் வென்று, நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பசிபிக் தீவு மரபினரானார். பின்னர், முன்னாள் தலைமையமைச்சர் டேவிட் லாங்கே நெடுங்காலம் வகித்த மாங்கெரேயின் உறுப்பினரானார். ஹெலன் கிளார்க் ஆட்சியில் அமைச்சரவைக்கு வெளியேயான அமைச்சர் பொறுப்பையும் வகித்தார். அவருடைய தொகுதி அலுவலகம் குடியேற்ற முறையீடுகளுக்குப் பேர்பெற்றது. தம் இனத்தார் மட்டுமன்றி, வேறு நாட்டினரும், வேறு தொகுதியினரும் அவரை நாடி வந்தனர்.

குடியேறியோர் இத்தகைய அலுவலகங்களில் காத்திருக்கும் காட்சி ஆக்லாந்துத் தமிழருக்குப் புதிதன்று. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோரும், அவர்களைத் தொடர்ந்து வந்த உறவினரும் கையில் கோப்புடன் அந்த நாற்காலிகளில் அமர்ந்தவர்களே. உள்ளே சென்று திரும்புவோர் பெரும்பாலும் கேட்டுப் பெறுவது ஒரு மடல். குடியேற்றத்துறை மறுத்த ஒன்றை மீண்டும் பரிவுடன் நோக்குமாறு அமைச்சருக்கு உறுப்பினர் எழுதும் பரிந்துரை மடல் அது. இந்த மடலே வழக்கின் கரு.

சமோவாவில் எழுந்த வீடு

2005 செப்டம்பரில், பொதுத்தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது, ஒரு தொலைக்காட்சிச் செய்தி வெளியாயிற்று. நியூசிலாந்தில் தங்க உரிமையற்றிருந்த தாய்லாந்து நாட்டுத் தொழிலாளர் ஒருவர் சமோவாவில் ஃபீல்டுக்குச் சொந்தமான வீட்டில் தரையோடு பதிக்கும் வேலை செய்துள்ளார். அவருக்கு விசா வழங்கும்படி ஃபீல்ட் பரிந்துரைத்துள்ளார். குடியேற்றத் துணையமைச்சர் அதற்கு இசைந்துள்ளார் என்பது செய்தியின் சாரம். ஃபீல்ட் மாங்கெரேயில் மீண்டும் வென்றார். ஆனால், அமைச்சர் பொறுப்பு அவருக்குத் திரும்பவில்லை.

தலைமையமைச்சர் கிளார்க், மூத்த வழக்கறிஞர் நோயல் இங்ரம் என்பவரிடம் விசாரணையை ஒப்படைத்தார். இவ்விசாரணையின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். சாட்சிகளைக் கட்டாயப்படுத்தி அழைக்கவோ, உறுதிமொழியின்மேல் வாக்குமூலம் பெறவோ இங்ரமுக்கு அதிகாரம் தரப்படவில்லை. வர மறுத்தவர் வராமலே இருந்தனர். 2006 ஜூலையில் அறிக்கை வெளியானபோது, அமைச்சர் என்ற நிலையில் நலமுரண் நிறுவப்படவில்லை என்றும், எனினும் தம்மால் எல்லாவற்றையும் அறிய இயலவில்லை என்றும் கூறுவதாக அது அமைந்தது. ஆளுங்கட்சி முதற்கூற்றைப் பற்றிக்கொண்டது. எதிர்க்கட்சி இரண்டாவதைப் பற்றிக்கொண்டது. ஃபீல்ட் செய்த பிழை உதவும் ஆர்வத்தால் நேர்ந்தது என்ற போக்கில் ஆளுங்கட்சியினர் முதலில் பேசினர். விகிதாசாரத் தேர்தல் முறையில் சிறு கட்சிகளின் துணையால் நின்ற அரசுக்கு ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் அருமையானது என்பதை இங்கு மறத்தல் கூடாது. விசாரணைக் குழு அமைத்தலே விசாரணையைத் தள்ளிப்போடும் வழியாவதைத் தமிழக அரசியலைக் கண்டு வளர்ந்தோர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ஆயின் அறிக்கைக்குப் பின்னரே மேலும் பல செய்திகள் வெளிவந்தன. வண்ணம் பூசுதல், சுவர்ப்பூச்சு, ஓடு பதித்தல் என ஆக்லாந்திலும் சமோவாவிலும் ஃபீல்டின் வீடுகளில் தாய்லாந்துத் தொழிலாளர் பலர் கூலியின்றியோ குறைந்த கூலிக்கோ உழைத்தனர் என்ற குற்றச்சாட்டு விரிந்தது. காவல்துறை விசாரணை தொடங்கியது. 2007 பிப்ரவரியில், வேண்டுமானால் தொழிற்கட்சிக்கு எதிராகவே போட்டியிடுவேன் என்னும் பொருள்பட ஃபீல்ட் பேசியதும் கட்சியுறவு முறிந்தது. ஊழல் குற்றச்சாட்டின்போது தாங்கிக்கொண்ட கட்சி, விசுவாசம் குலைந்தபோது தாங்கவில்லை. இது கட்டுரையாளரின் கருத்து. அன்றைய நாளிதழ்களும் ஏறத்தாழ இவ்வாறே கண்டன.

நாடாளுமன்ற உறுப்பினர்மீது இவ்வகைக் குற்றத்துக்கு வழக்குத் தொடர உயர்நீதிமன்றத்தின் இசைவு வேண்டும். 2007இல் அவ்விசைவு கோரிப் பெறப்பட்டது. 2008 தொடக்கத்தில் ஃபீல்ட் ‘நியூசிலாந்து பசிபிக் கட்சி’ என்ற பெயரில் தனிக்கட்சி தொடங்கினார். அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலில் மாங்கெரே அவரைக் கைவிட்டது. தொழிற்கட்சியின் சூஆ வில்லியம் சியோ வென்றார். புதிய உறுப்பினரும் சமோவா மரபினரே. ‘இனவொதுக்கலால் வந்த வழக்கு’ என்ற வாதம் அத்தொகுதியில் எவ்வளவு எடுபட்டது என்பதற்கு அம்முடிவே சான்று.

2009 ஏப்ரலில் ஆக்லாந்து உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ரோட்னி ஹான்சன் முன்னிலையில் நடுவர் குழுவுடன் தொடங்கிய விசாரணை ஆகஸ்ட் 4 அன்று முடிவுற்றது. கையூட்டு, ஊழல் தொடர்பான 12 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டன. நீதியின் போக்கைத் தடுக்க முயன்றதான 35இல் 15 மெய்ப்பிக்கப்பட்டன. ஏனையவற்றில் அவர் விடுவிக்கப்பட்டார். விசாரணை வரும் என்று அறிந்ததும் தொழிலாளரின் கூற்றுகளைத் தமக்கேற்ப அமைக்க முயன்றார் என்பது இரண்டாம் வகைக் குற்றம். அக்டோபர் 6 அன்று ஊழலுக்கு நான்காண்டும், நீதியைத் தடுக்க முயன்றதற்கு இரண்டாண்டுமாக, அடுத்தடுத்து அனுபவிக்கும் ஆறாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு சொல்லின் எல்லை

மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் ஃபீல்டின் முறையீட்டைத் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தள்ளியது. அதற்குள் அவர் நன்னடத்தைப் பிணையில் வெளிவந்திருந்தார். ஆகவே உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றது, ஒரு மனிதரின் விடுதலையைக் காட்டிலும் ஒரு சொல்லின் பொருளே எனலாம். நியூசிலாந்துக் குற்றவியல் சட்டத்தின் 103ஆம் பிரிவு, உறுப்பினர் என்ற நிலையில் செய்த செயலின் பொருட்டு ‘ஊழல் நோக்குடன்’ பயன் பெறுதலைக் குற்றமாக்குகிறது. ‘ஊழல் நோக்கு’ என்பது யாது?

ஃபீல்டின் தரப்பு வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவருக்கும் அத்தொழிலாளருக்கும் இடையே பேரம் நிகழவில்லை. ‘நீ ஓடு பதி, நான் மடல் எழுதுகிறேன்’ என்று எவரும் கூறவில்லை. பெற்ற உதவிக்கு நன்றியாகவே அவர்கள் உழைத்தனர் என்ற நிலை அது. சமோவா மொழியில் ‘மேயா அலோஃபா’ எனப்படும் அன்பின் கொடை அச்சமூகத்தின் உயிர்நாடி. பாய் முடைந்து கொடுத்தலும், உணவு கொணர்தலும், உழைப்பைத் தருதலும் குடித்தலைவர்க்கு இயல்பாக வரும். மொய் எழுதி, சீர் சுமந்து, அவற்றைத் தலைமுறை கடந்து நினைவில் வைத்திருக்கும் நம் சமூகத்துக்கு இது விளங்காததன்று. ஆனால், கொடுத்தவர்கள் சமோவர் அல்லர் என்பதை இங்குக் குறிக்க வேண்டும். தாய்லாந்திலிருந்து வந்து சட்டத்தின் விளிம்பில் நின்றவர்கள் சமோவாவின் கொடைமரபைப் பின்பற்றினர் என்பது நம்பத்தக்கதாக இல்லை. கொடைமரபு என்பது கொடுப்போரும் கொள்வோரும் ஒரே வட்டத்துள் நிற்கும்போதே பொருள்படும். இன்று கொண்டவன் நாளை கொடுப்பான் என்ற உறுதி அதற்கு அடிப்படை.

உச்ச நீதிமன்றம் மரபு ஆராய்ச்சிக்குள் நெடிது செல்லவில்லை. அது கூறிய விடை கூர்மையானது. முன்பேரம் தேவையில்லை. பயன் செயலுக்கு முன் வந்ததா பின் வந்ததா என்பதும், அப்பயனால் செயல் மாறியதா என்பதும் தீர்மானிப்பன அல்ல. உறுப்பினராகத் தாம் செய்த செயலோடு தொடர்புடையது என்று அறிந்தே பயனை ஏற்றல் போதும். அவ்வறிவே ஊழல் நோக்கு. தேநீர், சிறு நினைவுப் பொருள் போன்ற அற்பமான உபசாரங்களுக்கு மட்டுமே விலக்கு. ஃபீல்ட் எழுதிய மடல்களில் பல தகுதியானவையே என்று கொண்டாலும் இத்தீர்ப்பு மாறாது. ஏனெனில் முடிவெடுத்தவர் அவரல்லர், அமைச்சர். ஃபீல்ட் அளித்தது மடல் ஒன்றே. அம்மடலுக்காகவே நாட்டு மக்கள் அவருக்கு ஊதியம் தந்தனர். ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்கிவைக்கும் குறள் கைம்மாறு நோக்காக் கடமைக்கு மழையை ஒப்பிடுகிறது. வள்ளுவர் அதைச் செல்வர்க்கு அறமாகக் கூறினார். நியூசிலாந்து உச்ச நீதிமன்றம், பதவி வகிப்போர்க்கு அதைக் குற்றவியல் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

இனித் தமிழின் சொற்களுக்கு வருவோம். மேலோரைக் காணச் செல்வோர் வெறுங்கையோடு செல்லாமை தொல்மரபு. சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டத்தில், மலைவளம் காண வந்த சேரன் செங்குட்டுவன்முன் குன்றக் குறவர் மலைபடு பொருள்களைச் சுமந்து வந்து வைத்து வணங்கிய பின்னரே, வேங்கை நிழலில் தாம் கண்ட வியப்பைக் கூறுகின்றனர். அக்காட்சியில் குறை ஏதும் இல்லை. மேலோர்க்குக் கொடுக்கும் இத்தகைய காணிக்கைக்குக் ‘கையுறை’ என்று பெயர். இன்று அச்சொல் பனிக்காலத்தில் விரல்களை மூடும் உறைக்கு ஆகிவிட்டது. ‘மாமூல்’ என்பது அரபு மொழியில் வழக்கமானது என்று மட்டுமே பொருள்படுவது. தமிழகத் தெருக்களில் அது வழக்கமாகத் தரும் இலஞ்சத்தின் பெயராயிற்று. ‘அன்பளிப்பு’ என்ற சொல்லை இன்று ஒருவர் அலுவலக வாயிலில் கூறினால் கேட்பவர் முகத்தில் புன்னகை தோன்றுகிறது. வழக்கத்தின் பெயரும் அன்பின் பெயரும் இவ்வாறு இழிவடைந்தமைக்குக் காரணம் சொற்களிடம் இல்லை. கொடுப்பவன் மறுக்கும் உரிமையை இழந்த இடத்தில் கொடை என்ற சொல் தன் பொருளைக் காத்துக்கொள்ள இயலாது.

டான்சி நிலமும் உத்திரமேரூர்க் கல்லும்

நியூசிலாந்தும் இந்தியாவும் தம் குற்றவியல் சட்டங்களை ஆங்கிலேயச் சிந்தனையிலிருந்தே பெற்றன. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. நியூசிலாந்தின் குற்றவியல் தொகுப்பு 1893இல் வந்தது. அதற்கும் முன்பே, நாட்டு மக்களிடம் பரிசு பெறலாகாது என்று கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியரைத் தடுத்தது 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டம். ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகள் எவ்வளவு வேறுபட்டு வளர்ந்தன என்பதற்குத் தமிழ்நாட்டின் டான்சி நில வழக்கு தக்க சான்று. முதலமைச்சர் பொது ஊழியரே என்பதை எம். கருணாநிதி தொடர்பான வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1979இலேயே முடிவு செய்திருந்தது. ஆகவே டான்சி வழக்கில் பதவியின் தன்மை பற்றிய ஐயம் இல்லை; எஞ்சியது செயலின் தன்மையே.

ஜெ. ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த 1992இல், அவர் பங்குதாரராயிருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ் நிறுவனம், தமிழ்நாடு சிறுதொழில் கழகமாகிய டான்சியின் கிண்டி நிலத்தை வாங்கியது. அவர்மீது வழக்குத் தொடர 1995இல் ஆளுநர் ம. சென்னா ரெட்டி இசைவளித்தார். மாங்கெரே வழக்கில் நீதிபதி அளித்த இசைவை இங்கே ஆளுநர் அளித்தார். அதனால் இசைவே அரசியல் மோதலாயிற்று. 2000 அக்டோபர் 9 அன்று தனி நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுத் தண்டனை விதித்தது. 2001 தேர்தலில் அவருடைய வேட்புமனுக்கள் தள்ளப்பட்டும், கட்சி வென்றதும் அவர் முதலமைச்சரானார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்நியமனம் செல்லாது என்றது. டிசம்பர் 4 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்தது.

இந்தக் கடைசித் தீர்ப்பே நமக்கு இன்றியமையாதது. அமைச்சர்கள் அரசுச் சொத்தை வாங்கலாகாது என்று நடத்தை விதி உண்டு. ஆனால் அவ்விதிக்குச் சட்டத்தின் வலு இல்லை. ஆதலால், அதை மீறி நிலம் வாங்கியது தண்டனைச் சட்டத்தின் 169ஆம் பிரிவின்படி குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அத்துடன் நிற்கவில்லை. நிலத்தை நிபந்தனையின்றித் திருப்பித் தருதல் வேண்டும் என்றும், நடத்தை விதியின் உட்கருத்தை மீறியது சரியா என்று தம் மனச்சான்றுக்கு விடையளித்துக் கழுவாய் தேட வேண்டும் என்றும் எழுதியது. குற்றவாளி அல்லர் என்று விடுவித்த ஒருவருக்குக் கழுவாயை அறிவுறுத்திய தீர்ப்பு அது. அவரோ தொடர்ந்து முதலமைச்சராக இருந்தார்.

ஆக, ஒரே வினாவுக்கு இரண்டு விடைகள். சென்னையிலிருந்து சென்ற வழக்கில் அறம் வேறு, குற்றம் வேறு என்று நீதிமன்றம் பிரித்து, அறத்தை மனச்சான்றிடம் ஒப்படைத்தது. ஆக்லாந்திலிருந்து சென்ற வழக்கில், ‘ஊழல் நோக்கு’ என்ற ஒரு சொல்லுக்குள் அறத்தையே வைத்து, அதன் காவலைச் சிறைச்சாலையிடம் ஒப்படைத்தது. எது சரி என்பதில் இக்கட்டுரையாளருக்கு ஐயமில்லை: இரண்டாவதே. மனச்சான்றுக்கு விடப்பட்ட தண்டனையை வாக்காளரும் எதிர்க்கட்சியினரும் தத்தம் விருப்பப்படி அளந்துகொள்வர், அது நீதியாகாது. எனினும் ஓர் எதிர்வாதத்தைக் கேட்க வேண்டும். எழுதப்படாத ஒழுக்கத்தைக் குற்றமாக்கும் அதிகாரம் நீதிபதிகளிடம் சென்றால், நாளை அது எவர்மீது பாயும் என்று யார் அறிவர்? டான்சி தீர்ப்பின் எச்சரிக்கை இதுவே. அதில் நியாயம் உண்டு. 103ஆம் பிரிவு நாடாளுமன்றம் எழுதிய சட்டம், தமிழகத்து நடத்தை விதியோ சட்டமாகாத அறிவுரை என்ற வேறுபாட்டையும் மறைக்கலாகாது. அப்படியாயின் குறை நீதிமன்றத்தில் இல்லை. தம்மைக் கட்டுப்படுத்தும் விதியைச் சட்டமாக்காமல் விட்ட சட்டமன்றங்களில் உள்ளது.

இவ்விரண்டுக்கும் ஆயிரம் ஆண்டு முந்திய மூன்றாம் விடை ஒன்று உத்திரமேரூரில் கல்லில் உள்ளது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் குடவோலை முறையில் வாரியத்துக்குப் புகத் தகுதியற்றோரை வரிசைப்படுத்துகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோர் தகுதியற்றோர். அவர்களின் நெருங்கிய உறவினரும் தகுதியற்றோர். பிறர் பொருளைக் கவர்ந்தோர்க்கும் இடமில்லை. கையூட்டுக் கொண்டவர், பின்னர்ப் பிராயச்சித்தம் செய்து தூயவரானாலும், உயிருள்ளவரை அவர் பெயரைக் குடவோலையில் எழுதலாகாது. ஒருவரின் தூய்மை அவருக்கும் அவருடைய இறைவனுக்கும் இடையேயான செய்தி. ஊரின் நம்பிக்கை வேறு கணக்கு என்று அவ்வூர்ச் சபை கருதியது போலும். உறவினரையும் விலக்கிய கடுமையும், நிலமும் வீடும் கல்வியும் உடையோர்க்கே இடமளித்த குறுகலும் இன்று ஏற்கத்தக்கன அல்ல. பெருமிதம் பேசுவதற்காக மட்டும் இக்கல்வெட்டை எடுத்தாளும் மேடைகள் அவற்றை மறந்துவிடுகின்றன. ஆயினும், சிறையையும் கூறாமல், மனச்சான்றிடமும் விடாமல், பதவியின் கதவை மூடிய அந்த விடை எண்ணத்தக்கது.

மடலின் விலை

ஃபீல்டின் வழக்கு பெற்றவரைத் தண்டித்தது. அவர் பெற்றதற்கு ஏன் இத்தனை விலை இருந்தது என்ற வினா அவ்வழக்கில் எழவில்லை, எழவும் இயலாது. உரிமையாகக் கிடைப்பதற்கு எவரும் ஓடு பதிக்கச் செல்வதில்லை. சட்டத்தின் வழிகள் அடைபட்டபின் எஞ்சுவது அமைச்சரின் தனிப்பட்ட விருப்புரிமை. அதை எட்டுவதற்கு உறுப்பினரின் மடல் துணை. உறுப்பினரைக் காண்பதற்கு இடைநின்று பேசத் தெரிந்தவர் துணை. இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் நன்றிக்கடன் தேங்குகிறது. சாட்சிக் கூண்டில் நின்ற தாய்லாந்துத் தொழிலாளர்கள், கைம்மாறு செய்தோமா கையூட்டுக் கொடுத்தோமா என்று பிரித்தறிந்திருப்பர் எனக் கருத இடமில்லை. அவர்கள் கையில் இருந்தது உழைப்பு ஒன்றே, அதைத் தந்தனர். மொழிபெயர்ப்புக்காக இத்தகைய அலுவலகங்களில் உடனிருந்த தமிழர் சிலரை இக்கட்டுரையாளர் அறிவார். மடல் கிடைத்து வெளிவரும் குடும்பம் முதலில் கேட்கும் கேள்வி, ‘ஐயாவுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்பதுதான். ‘ஒன்றும் வேண்டாம்’ என்ற விடையை அவர்கள் எளிதில் நம்புவதில்லை. பழத்தட்டு ஒன்றாவது கொடுத்தால்தான் மனம் ஆறுகிறது.

ஃபீல்ட் தண்டிக்கப்பட்ட அதே 2009இல் நியூசிலாந்து புதிய குடியேற்றச் சட்டத்தை இயற்றியது. 2010 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. விசாவின்றி நாட்டில் இருப்போருக்கு விசா வழங்கும் அதிகாரம் அதன் 61ஆம் பிரிவில் உள்ளது. அதற்கு விண்ணப்பிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. வேண்டுகோள் வந்தாலும் அதை ஆராயும் கட்டாயம் இல்லை. மறுப்புக்குக் காரணம் கூறும் கட்டாயமும் இல்லை. முழுமையான விருப்புரிமை என்று சட்டமே அதற்குப் பெயரிடுகிறது.

2021 ஆகஸ்ட் 1 அன்று தலைமையமைச்சர் ஜெசிந்தா ஆர்டெர்ன் ஆக்லாந்து நகர மண்டபத்தில், சமோவாவின் ‘இஃபோகா’ முறைப்படி நெய்பாயால் மூடப்பட்டு அமர்ந்து, விடியற்காலைச் சோதனைகளுக்காகப் பசிபிக் மக்களிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். பாயை விலக்கி அவரை எழுப்பியவர்கள் அம்மக்களே. அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று டைட்டோ பிலிப் ஃபீல்ட் காலமானார். இரங்கற் செய்திகள் பலவும் அவரை முதல் பசிபிக் உறுப்பினர் என்றும், ஊழலுக்காகச் சிறை சென்ற முதல் உறுப்பினர் என்றும் ஒரே வாக்கியத்தில் எழுதின. மாங்கெரேயின் தொகுதி அலுவலகத்தில் அந்த வாரமும் கோப்புகளோடு மக்கள் காத்திருந்திருப்பர், பெருந்தொற்று ஊரடங்கால் அவ்வாண்டு தொலைபேசி வழியே.